விலை ஏறினால் வரும் நெஞ்சுவலி

கூடலூரில் எங்கள் தோட்டத்துத் திராட்சைக்கு விலை இல்லாத மாதங்களில் என் வீட்டுக்காரர் இரும்பு மாதிரி இருப்பார். காய்ச்சல் வந்தால்கூட மிளகு ரசத்தோடு போய்விடும். விலை ஏறி, வியாபாரி கையில் பணத்தை வைத்தால் போதும், மறுநாள் காலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டே எழுந்திருப்பார்.

போன அறுப்பிலும் அப்படித்தான். அரசு ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் காசு வாங்காத இடத்தில் நோய் எப்படிக் குணமாகும் என்பது அவர் கட்சி. தேனியில் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உச்சி முதல் உள்ளங்கால் வரை சோதித்துவிட்டு, மாத்திரையே வேண்டாம், எல்லாம் நார்மல் என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் முகம் உர்ரென்று இருந்தது. "இம்புட்டுச் செலவழிச்சும் ஒண்ணுமில்லைங்கிறாகளே! கொடியில பூச்சியே இல்லைன்னாலும் மருந்துக்கடைக்காரன் ரெண்டு பாட்டிலாவது குடுத்து அனுப்புவான். அடுத்த வாரம் மதுரைக்குப் போவோம்."

அதற்குள் திராட்சை விலை படுத்துவிட்டது. நெஞ்சுவலியும் போன இடம் தெரியவில்லை. நலம் விசாரிக்க வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம், "தேனி டாக்டர் கைராசிக்காரருப்பா!" என்று பெருமையாகச் சொன்னார்.

அவர்களுக்கு டீ கொடுத்துவிட்டு நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வருஷக்கணக்கில் இருக்கிற வலி. விலை பார்த்து வரத் தெரியாத வலி.

"உனக்கென்ன, கல்லுக்குண்டாட்டம் இருக்க" என்றார் என் வீட்டுக்காரர்.

இருக்கட்டும். அடுத்த அறுப்புக்கு விலை ஏறினால், வியாபாரி வண்டி வாசலில் நிற்கும்போதே நான் நொண்ட ஆரம்பித்துவிடுவேன்.