சித்தி சுட்ட களிமண் தட்டுகள்

ஆங்கிலேயர் நாட்டுக்குப் புலம்பெயர்ந்து நாங்கள் குடியிருந்த நோர்பரி வீட்டில் பட்டப்பகலில் களவு போன கிழமைதான் அப்பா ஒரு துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்குவதென்று முடிவெடுத்தார். அம்மா கழற்றி வைத்திருந்த தாலிக்கொடியும் என்னுடைய சின்னச் சங்கிலியும் போயிருந்தன. நகை போனதைவிட, சாமியறைக்குள் சப்பாத்துக் காலோடு நடந்திருக்கிறார்களே என்றுதான் அம்மா அழுதார். அதைப் பார்த்த பிறகு அப்பாவுக்கு நித்திரை இல்லை.

அமெரிக்காவில் இருந்த பெரியப்பா தொலைபேசியில் ஆலோசனை சொன்னார். கைக்கு அளவாக இருக்க வேண்டுமாம்; வீட்டுப் பெண்களும் தூக்கக்கூடிய பாரமாக இருக்க வேண்டுமாம்; பூட்டி வைக்க இரும்புப் பெட்டி கட்டாயமாம். குளிர்சாதனப் பெட்டி வாங்கியபோது செய்ததைப் போலவே அப்பா எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டார். அந்த நாட்டுச் சட்டம் வேறு, இந்த நாட்டுச் சட்டம் வேறு என்பது இருவருக்குமே தோன்றவில்லை.

அப்பாவோடு வேலை செய்தவர் ஒருவர், நகரத்துக்கு வெளியே வயல்வெளியில் துவக்குச் சுடப் பழக்கும் இடம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். ஒரு ஞாயிறு காலை எல்லோரும் காரில் போனோம். அப்பா, அம்மா, ஒன்பது வயதான நான், எங்கள் சித்தி. சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. ஊரிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவருடைய அகதி வழக்கு முடியாததால் வேலைக்குப் போக அனுமதி இல்லை. என்னுடைய அறையில்தான் படுத்தார். பாதாள ரயில் நிலையத்து நகரும் படியில் கால் வைக்கப் பயந்து என் கையைப் பிடித்துக்கொள்வார். ஆங்கிலம் அவருக்கு அதிகம் வராது. கடைக்குப் போனால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அந்தப் பதவியில் எனக்குப் பெருமை அதிகம்.

பழக்குகிறவர் வெள்ளைத் தாடி வைத்த ஆங்கிலேயர். எதற்காகத் துவக்கு வேண்டும் என்று கேட்டார். வீட்டுப் பாதுகாப்புக்கு என்று அப்பா கொப்பியை விரித்தபடி சொன்னார். பழக்குகிறவர் தன் கையில் எடுத்திருந்த துவக்கை மெல்ல மேசையில் வைத்துவிட்டார். இந்த நாட்டில் அந்தக் காரணத்துக்குப் பொலிஸ் அனுமதிப் பத்திரம் தராது, நல்ல பூட்டும் அலாரமும் போடுங்கள் என்றார். அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. அதைக் கண்டு இரங்கினாரோ என்னவோ, வந்ததுதான் வந்தீர்கள், களிமண் தட்டுகளைச் சுட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

இயந்திரம் வானத்தில் எறியும் தட்டை, பறக்கும்போதே சுட வேண்டும். அப்பா பத்துத் தட்டுக்குச் சுட்டார். பத்தும் பத்திரமாகப் புல்லில் இறங்கின. அம்மா தொடவே மாட்டேன் என்றார். அந்த மனிதர் துவக்கைச் சித்தியிடம் நீட்டினார்.

“எனக்கு வேண்டாம் அத்தான்,” என்றார் சித்தி.

“சும்மா ஒருக்காப் பிடிச்சுப் பாருமன்,” என்றார் அப்பா. தன் தோல்வியைப் பங்குபோட ஓர் ஆள் தேவைப்பட்டிருக்க வேண்டும்.

சித்தி வாங்கினார். வாங்கிய உடனே துவக்கை மடக்கித் திறந்து, குழலுக்குள் ஒன்றும் இல்லை என்று பார்த்தார். அப்பாவுக்குப் பத்து நிமிடம் சொல்லிக் கொடுத்த விஷயம் அது. சித்திக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு கால்களை அகட்டி நின்றார். முதல் தட்டு தப்பியது. இரண்டாவது, நடு வானத்தில் செம்மஞ்சள் தூளாகச் சிதறியது. மூன்றாவதும். நான்காவதும். தோள் அசையவில்லை, கண் சிமிட்டவில்லை. என் அறையில் சுருண்டு படுக்கிற சித்தி எங்கே, இவர் எங்கே? அவர் அந்த வயலைவிட உயரமாகத் தெரிந்தார்.

எங்கே பழகினார் என்று அந்த மனிதர் என்னிடம் கேட்டார். நான் சித்தியிடம் கேட்டேன்.

“முதல்தரம் பிடிக்கிறன் எண்டு சொல்லு,” என்றார்.

இவ்வளவு பெரிய திறமைக்கு இவ்வளவு சின்னப் பதிலா? நான் ஆங்கிலத்தில், சித்தி எங்கள் நாட்டிலேயே பழகியவர், அங்கே அவரை வெல்ல ஆள் இல்லை என்று விளாசினேன். அம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின. அந்த மனிதர் மகிழ்ந்து, சுவரில் ஒட்டப் படம் எடுத்து, பெயரைக் கேட்டார். அப்பா ஓடிப்போய், படத்தை அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

சித்தியின் வெற்றியில் அப்பாவுக்குப் பொறாமை என்று நான் தீர்மானித்தேன். நியாயம் செய்ய வேண்டுமே. அன்று பின்னேரமே ஒரு மட்டையில் கையில் துவக்கோடு சித்தியை வரைந்து, ‘சம்பியன்’ என்று எழுதி, அறைக் கதவில் ஒட்டினேன். சித்தி அதைக் கண்டதும் கவனமாக உரித்தெடுத்து, நாலாக மடித்துத் தன் பெட்டியின் அடியில் வைத்தார்.

“இதைப் பற்றி ஒருத்தரிட்டையும் கதைக்காதை, பிள்ளை. பள்ளிக்கூடத்திலையும்தான்.”

நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

பதினாறு வயதில் அவரை ஊரில் போராடிய ஆயுத இயக்கம் வீட்டுக்குள்ளிருந்து இழுத்துக்கொண்டு போய்த் துவக்குப் பழக்கியதும், சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், வழக்கில் அதைச் சொல்வதா விடுவதா என்று பெரியவர்கள் அப்போது தவித்துக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரிந்தது, அவருக்கு வதிவுரிமை கிடைத்துப் பல வருடங்களுக்குப் பிறகு. என் வாயால் தீங்கு எதுவும் வரவில்லை. ஆனால் அந்த ஞாயிறுக்குப் பிறகு கதவு இடுக்கில் கடிதம் விழும்போதெல்லாம் சித்தி அப்படியே நின்றுவிடுவார். யாருடைய கடிதத்துக்காக அவர் இவ்வளவு ஆசையோடு காத்திருக்கிறார் என்று அந்த வயதில் நான் யோசிப்பேன்.