குளத்துக்குள் நடந்த வேலி

இன்று காலை அண்ணை வேலிக்கு நடக் கிளுவை மரத்தில் கதியால் தடிகள் வெட்டினார். எங்கள் பகுதி நீரேந்து நிலத்தின் பழைய, புதிய வான்படங்களைக் கணினியில் அடுக்கி நிறம் தீட்டிக்கொண்டிருந்த என்னை, அந்தப் பச்சை மணம் பழைய குளக்கரைக்கு இழுத்துப்போனது.

மாரி ஓய்ந்து குளம் வற்றத் தொடங்கியதும் வேலியடைப்பு நடக்கும். ஓலை சரசரக்க, குழி தோண்டும் அலவாங்கு ஈரமண்ணில் பொத்தென்று இறங்க, நாங்கள் சிரட்டையில் தவளைக்குஞ்சான வாற்பேத்தைகளை அள்ளித் திரிய, எங்கள் தகப்பன், ஐயா, வருடாவருடம் கதியாலைப் பழைய குழியில் நடாமல் ஒரு சாண் குளத்துக்குள் தள்ளி நடுவார்.

"குளம் ஆருடையது? ஒருத்தருடையதும் இல்லைத்தானே," என்பார். சுற்றியிருந்த எல்லா வீட்டு ஐயாமாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

படத்துக்குப் படம் குளத்தின் நீலம் சுருங்கி, கடைசிப் படத்தில் வீடுகளின் சிவப்பு மட்டுமே இருக்கிறது. கிணறு உவராகி, குடிதண்ணீரைப் போத்தலில் வாங்குகிறோம். அண்ணை பெய்யாத மழையைத் திட்டுகிறார்.

வெளியே போய்ப் பார்த்தேன். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்காலுக்குள் ஒரு சாண் தள்ளி அண்ணை கதியால் நட்டுக்கொண்டிருந்தார்.

"உது வாய்க்காலெல்லோ, அண்ணை?"

"குளமே இல்லை. பிறகென்னத்துக்கு வாய்க்கால்?"