தியேட்டர் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

வயிற்றைத் திறந்து ஓர் உயிரைக் காப்பாற்றுகிறவள் சர்ஜன் இல்லையென்றால், அவள் யார்? பினாங்கில் இருந்தவரை இந்தக் கேள்வி எனக்கு எழுந்ததே இல்லை. கணவரின் வேலைக்காக மயிலாப்பூருக்குக் குடிவந்த பிறகு, ஒரு மத்தியான வேளையில், தியாகராய நகரின் நர்சிங் ஹோம் ஒன்றின் வராந்தாவில் நின்றுகொண்டு அதைக் கேட்க வேண்டியதாயிற்று.

பினாங்கு ஆஸ்பத்திரியில் மகப்பேற்றுப் பிரிவினரான எங்களையும் அறுவை மருத்துவர்களோடுதான் சேர்த்திருந்தார்கள். வெள்ளைக்காரர் விட்டுப்போன வழக்கப்படி மருந்து எழுதுகிறவர் 'டாக்டர்'. கத்தி பிடிக்கிறவர் ஆணானால் 'மிஸ்டர்', பெண்ணானால், மணமானவளே ஆனாலும், 'மிஸ்'. அங்குள்ள நண்பர்கள் இன்றும் கடித உறையில் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, "ஆத்துக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்கார், இவா ஏன் மிஸ்ஸுன்னு எழுதறா?" என்று கேட்டார். பொறுமையாக விளக்கினேன். "அப்போ டாக்டர் பட்டத்தைப் பிடுங்கிண்டுட்டாளா?" என்று பரிதாபப்பட்டார். தெருமுனை ரிக்ஷாக்காரருக்கோ நான் பிரசவ டாக்டர், அவ்வளவுதான். கத்தரிக்காய் வாங்கப் புறப்பட்டாலும், "இன்னா டாக்டரம்மா, யாருக்கு வலி எடுத்துக்கினு கீது?" என்பார்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. நான் வேலைக்குச் சேர்ந்த நர்சிங் ஹோமின் ஏற்பாடு அப்படியல்ல. மாடியில் பிரசவ அறை, கீழே ஆப்பரேஷன் தியேட்டர். தியேட்டரில் உள்ள கருவிகள் சர்ஜன் வாங்கிப் போட்டவை. ஆகவே சாவி அவர் சட்டைப்பையில். சிசேரியனுக்குக்கூட மயிலாப்பூரில் உள்ள அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பித்தான் கதவைத் திறக்க வேண்டும். முதலாளியிடம் முறையிட்டேன். "பிரசவம் வேற, ஆப்பரேஷன் வேற இல்லீங்களாம்மா?" என்றார் அவர்.

அன்று செண்பகத்தை டாக்சியில் கொண்டுவந்தார்கள். பாண்டி பஜார் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக் குடும்பத்தின் மருமகள். கரு கர்ப்பப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் வளர்ந்து, குழாய் வெடித்திருந்தது. உள்ளே ரத்தம் பெருகிக்கொண்டிருக்க, உதடுகள் வெளுத்து, நாடி நூலாக ஓடியது. உடனே ஆப்பரேஷன் செய்ய வேண்டும் என்றேன். மாமனார் தலையசைத்து மறுத்தார்.

"நீங்க பேறு பாக்கிற டாக்டரம்மா. வயித்தைக் கீறதுக்கு சர்ஜன் வரட்டும்."

"இந்த ஆப்பரேஷன் என் வேலைதான் ஐயா. பலமுறை செய்திருக்கிறேன்."

"இல்லன்னு நான் சொல்லலியே. அப்பம் அந்த ரூம் சாவி ஏன் உங்க கையில இல்ல?"

அவர் அறியாமையால் பேசவில்லை. நாங்கள் கட்டிவைத்த ஏற்பாட்டைப் பார்த்து, சரியாகவே கணக்குப் போட்டிருந்தார். என் துறையில் பெரும்பகுதி காத்திருப்பதுதான் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். கத்தியை எடுக்காமலிருக்கத் தெரிந்தவளே நல்ல மகப்பேற்று மருத்துவர். ஆனால் காத்திருக்கக் கூடாத வேளையும் இந்தத் துறையில்தான் வருகிறது. அந்த வேளையில் நான் ஒரு பூட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். செண்பகத்தின் கொழுந்தன் ரத்தம் கொடுத்து முடித்திருந்தான். மயக்க மருந்து டாக்டரும் வந்துவிட்டார். சாவி மட்டும் மயிலாப்பூரிலிருந்து வரவில்லை.

ஒருவழியாகச் சர்ஜனின் கார் வந்து நின்றது. சாப்பாட்டின் பாதியில் எழுந்து வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு என்மேலேயே கோபம்.

"இது உங்க கேஸ்னா! நான் குடல், குடலிறக்கம் பாக்கறவன். இதுக்கு என்னை எதுக்குக் கூப்பிட்டேள்?"

"உங்களை யார் கூப்பிட்டார்கள்? சாவியைத்தான் கூப்பிட்டேன்."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, கை கழுவிக்கொண்டு எனக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றார். நான் குழாயை முடிச்சிட்டு ரத்தத்தை நிறுத்தி முடிக்கும்வரை வயிற்றுச் சதையை விலக்கிப் பிடித்திருந்தார். செண்பகம் பிழைத்தாள்.

அவள் வீடு திரும்பும் நாளில் மாமனார் ரோஜா மாலையும் பழத்தட்டுமாக வந்து, நேரே சர்ஜனின் கழுத்தில் மாலையைப் போட்டார். அவர் பதறிப்போய், "ஐயையோ, எல்லாம் இவாதான் பண்ணினா. நான் சும்மா பிடிச்சிண்டு நின்னேன்" என்றார். மாமனாரின் முகம் மலர்ந்தது. என் பக்கம் திரும்பி, "பாத்தியளா டாக்டரம்மா, பெரிய மனுஷங்க எம்புட்டு அடக்கமாப் பேசுதாங்க!" என்றார். பழத்தட்டிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுத்து எனக்கும் கொடுத்தார்.

மாலை எனக்கு வேண்டாம். ஆனால் அடுத்து வரப்போகிறவளின் நாடி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது யாருக்கும் தெரியாது. சாவி கிடைக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் இழுத்தடிப்பதற்குள் சர்ஜனே மாற்றுச் சாவி செய்து வந்து என் மேசையில் வைத்தார்.

பினாங்கிலிருந்து வரும் உறையில் நான் மிஸ். இங்கே வாசல் பலகையில் லேடி டாக்டர். எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்கிறேன். எதுவும் முழுதாக நானல்ல. ரிக்ஷாக்காரர் இன்னமும் யாருக்கு வலி என்றுதான் கேட்கிறார். ஆனால் மாடியில் ஒருத்திக்கு ஆப்பரேஷன் தேவைப்பட்டால், இப்போதெல்லாம் மயிலாப்பூருக்கு ஆள் ஓடுவதில்லை. கீழே இறங்கிப்போய் நானே கதவைத் திறக்கிறேன்.