கூப்பிடலாமா, கூடாதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஒரு வாக்குவாதம். சபை என்றதும் கோபுரம், மணி என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மசாலா கிடங்குக்கு மேலே, வாடகைக்கு எடுத்த ஹால். தமிழ் பேசும் சில குடும்பங்கள். சுக்கு வாசனையில்தான் எங்கள் ஜெபம்.

அன்றைக்குப் பிரசங்கத்தை முடிக்கும்போது பாஸ்டர், யாராக இருந்தாலும் சரி, இன்றைக்கே கர்த்தரிடம் வரலாம், உங்களை அழைக்கிறேன் என்றார். புதிதாக ஒன்றுமில்லை... எல்லாப் பாஸ்டர்களும் சொல்வதுதான். ஆனால் ஆராதனை முடிந்து சாயா டம்ளர்கள் சுற்றி வந்தபோது, எட்வின் அண்ணன் நேராக அவரிடம் போய் நின்றார்.

"யாரா இருந்தாலும்னு எப்படி பாஸ்டர் சொல்லலாம்? எல்லாரையும் கூப்பிட நமக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

எட்வின் அண்ணன் சுள்ளிக்கலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். வல்லார்பாடம் துறைமுகத்தில் வந்திறங்கும் கன்டெய்னர்களுக்கு கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வாங்கித் தரும் வேலை. சத்தமாகப் பேசாத மனிதர். அவர் மனைவி லில்லி எனக்கு நெருங்கிய தோழி.

சண்டை எதைப் பற்றி என்று உங்களுக்குப் புரிய வேண்டுமல்லவா? கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபை கால்வினிஸத்தை நம்பும் சபை. அதாவது, யார் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதைக் கடவுள் முன்னமே தெரிந்துகொண்டுவிட்டார் (எங்கள் பைபிள் தமிழில் இதற்குத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று அர்த்தம்); மனிதன் தன் சாமர்த்தியத்தால் அவரிடம் போய்ச் சேர முடியாது. இதுவரை பாஸ்டருக்கும் எட்வின் அண்ணனுக்கும் ஒரே கட்சி. அடுத்த கேள்வியில்தான் பாதை பிரிகிறது. கடவுள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்றால், நாம் எதற்குப் போய் எல்லோரையும் அழைக்க வேண்டும்?

அழைத்தே ஆக வேண்டும் என்பது பெரும்பாலான கால்வினிஸ்ட்டுகளின் பதில். தேர்ந்தெடுப்பவர் கடவுள்; ஆனால் தேர்ந்தெடுத்தவரைக் கொண்டு வர அவர் பயன்படுத்தும் வழியே நம்முடைய அழைப்புதான். யார் அவருடைய ஆள் என்று நமக்குத் தெரியாது. ஆகவே எல்லோரிடமும் சொல்ல வேண்டும், மனதாரச் சொல்ல வேண்டும், கேட்கிற ஒவ்வொருவருக்கும் மனந்திரும்பும் கடமையும் உண்டு. கப்பலேறித் தூரதேசங்களுக்குச் சுவிசேஷம் சொல்லப் போனவர்களில் பலர் இந்த நம்பிக்கைக்காரர்கள்தான்.

ஹைப்பர் கால்வினிஸம் என்பது இதே கணக்கை இன்னும் நீட்டிப் போடுவது. மனிதனால் தானாக வர முடியாது என்றால், வர முடியாதவனிடம் 'வா' என்று சொல்வது என்ன நியாயம்? தெரிந்துகொள்ளப்படாதவனையும் சேர்த்து அழைத்தால் அது பொய் அழைப்பு ஆகாதா? ஒருவனுக்குள் தாகம் வந்த அடையாளம் தெரிந்தால் மட்டும் பேசலாம். மற்றபடி கடவுள் வேலையில் நாம் கை வைக்கக் கூடாது.

கேட்பதற்கு லாஜிக்காகத்தான் இருக்கிறது, இல்லையா? எட்வின் அண்ணன் இதை நெட்டில் கேட்டுக் கேட்டு, சில வருஷங்களாகவே உறுதியாகிவிட்டார். முன்பெல்லாம் படகுத்துறையில் நின்று சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்தவர், அதையும் நிறுத்திவிட்டார். தன்னை ஹைப்பர் என்று யாராவது சொன்னால் மட்டும் கோபம் வரும்.

பாஸ்டருக்கு முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அண்ணனைவிட ரொம்பச் சின்னவர். "அண்ணே, தெரிந்துகொள்ளப்பட்டவங்க முதுகுல அடையாளம் ஏதும் போட்டிருந்தா நானும் பார்த்துப் பார்த்துக் கூப்பிடுவேன்" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

சாயா நேரத்துச் சண்டை, சாயாவோடு போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் லில்லிக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். கவனித்துக்கொள்ள மகள் ஜெனி காக்கநாட்டிலிருந்து லீவு போட்டு வந்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை, தனி ஃபிளாட். சபைக்கு வருவதை எப்போதோ விட்டுவிட்டாள். ஞாயிறு காலை அவள் சமையலறையில் இருந்தாள். எட்வின் அண்ணன் சட்டை மாட்டினார், பைபிளை எடுத்தார், அவளைத் தாண்டித்தான் வாசலுக்குப் போனார். ஒரு வார்த்தை இல்லை. லில்லியோடு இருக்கலாம் என்று நான் அன்றைக்கு ஆராதனைக்குப் போகாமல் அங்கே உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஜெனி சாயா கொண்டுவந்து கொடுத்தாள். அவளாகவே ஆரம்பித்தாள்.

அப்பா தன்னிடம் எல்லாம் கேட்பார் என்றாள். ஸ்கூட்டியை சர்வீஸுக்கு விட்டாயா, பி.எஃப். பிடிக்கிறார்களா, ராத்திரி என்ன சாப்பிட்டாய்... எல்லாம். சபைக்கு வருகிறாயா என்று மட்டும் கேட்டதே இல்லை.

"நான் கர்த்தரோட ஆள் இல்லன்னு அப்பா முடிவு பண்ணியாச்சு ஆன்ட்டி. வரமாட்டேன்னு சொல்லக்கூட எனக்கு ஒரு சான்ஸ் தரல. சாரமில்ல."

பரவாயில்லை என்பதைத்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இப்படி மலையாளத்தில் சொல்வார்கள். பரவாயில்லாத முகமாக அது இல்லை. கட்டிலில் படுத்திருந்த லில்லி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மத்தியானம் ஜெனி மருந்துக் கடைக்குப் போன நேரம் பார்த்து, லில்லி கணவரிடம் சொல்லிவிட்டாள். அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லையாம்.

அந்தப் புதன்கிழமை வைப்பினில் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். பாஸ்டர், எட்வின் அண்ணன், நான்... மூன்று பேரும் ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஜங்காரில் ஏறினோம். கார், பைக், ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் படகு. எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அண்ணன் தானாகவே பாஸ்டரிடம் பேச்சை எடுத்தார். மகள் சொன்னதை அப்படியே சொன்னார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

பாஸ்டர் உடனே உபதேசம் ஆரம்பிக்கவில்லை. "ஜெனிக்காக ஜெபம் பண்றீங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

"தினமும். விடியக்காலம் எழும்பினா முதல்ல அவளுக்குத்தான்."

"தேவன் முன்னமே தீர்மானம் பண்ணியாச்சுல்ல. பின்ன எதுக்கு ஜெபம்?"

அண்ணன் யோசிக்கவே இல்லை. "ஜெபிக்கச் சொல்லியிருக்காரே."

"கூப்பிடவும் அவர்தான் அண்ணே சொல்லியிருக்கார்."

அவ்வளவுதான். படகு அக்கரை சேரும்வரை அண்ணன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகலில் சபை வேலையாக இக்கரை வந்திருந்த பாஸ்டருக்கு வீடு வைப்பினிலேயே. திரும்பும்போது நானும் அண்ணனும் மட்டும். பாதி தூரத்தில், என் முகத்தைப் பார்க்காமலே அவர் சொன்னார்:

"பயமாக்கும் எனக்கு. நான் கூப்பிட்டு அவ வரமாட்டேன்னு சொல்லிட்டா... அப்போ என் மோள் தெரிந்துகொள்ளப்பட்டவங்க கூட்டத்துல இல்லன்னு ஆயிடாதா? கேக்காம இருந்தா ஒண்ணும் தெரியாதுல்லே."

இத்தனை வருஷமாக இந்த மனிதரைக் கொள்கைப் பிடிவாதக்காரர் என்று நினைத்திருந்தேன். ஒரு தகப்பனின் பயம் இவ்வளவு கனமான புத்தகங்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளுமா? ஒளிந்துகொள்கிறதே... கேட்டால் எங்கே 'இல்லை' என்ற பதில் வந்துவிடுமோ என்று, நம் எல்லோரிடமும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு நாம் ஆளுக்கொரு கௌரவமான காரணம் வைத்திருக்கிறோம்.

எனக்கு இறையியல் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"ஒரு தடவை வரலன்னா அது ஒரு ஞாயித்துக்கிழமைதானே அண்ணா? மறுபடி கேளுங்க."

படகு நின்றது, இறங்கினோம்.

சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததை லில்லி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜெனி துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். அண்ணன் அறை வாசலில் வந்து நின்றாராம். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. கடைசியில், "நாளைக்குக் காலம்பற ஆராதனை இருக்கு மோளே. நீ வரணும்னு எனக்கு ஆசை. வர்றியா?" என்று கேட்டாராம்.

ஜெனி மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாளாம். "நாளைக்கு வேண்டாம்ப்பா" என்றாளாம்.

ஞாயிறு அண்ணன் தனியாகத்தான் வந்தார். பாஸ்டரிடம் போய், "கேட்டேன். வரல" என்றார். பாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கும் பிரசங்கத்தின் முடிவில் எல்லோருக்கும் அழைப்பு வந்தது. இந்த முறை அண்ணன் வாதாடப் போகவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. 'யாராக இருந்தாலும்' என்ற வார்த்தை இன்னமும் அவருக்கு உறுத்துகிறது என்று போகும்போது என்னிடம் சொன்னார். உறுத்தட்டும்.

அன்று மத்தியானம் என் போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ். ஜெனி. அவளுக்கு மலையாளம்தான் எழுத வரும். தமிழ் என்றால் பேசி அனுப்பிவிடுவாள்.

"அப்பா கேட்டாங்க ஆன்ட்டி. நான் நோ சொன்னேன். சரி மோளே, அடுத்த வாரமும் கேக்குறேன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் ரூமுக்குள்ள இருந்து நல்லா அழுதேன். சங்கடம் ஒண்ணும் இல்ல... சும்மா."

அவள் காக்கநாடு திரும்பிப் போய்விட்டாள். லில்லி எழுந்து நடமாடுகிறாள். சொன்னபடி அண்ணன் போன சனிக்கிழமை போனில் கேட்டார். ஜெனி மறுபடியும் வேண்டாம் என்றாள். இந்தச் சனிக்கிழமையும் கேட்கப் போகிறாராம்.

எங்கள் பாஸ்டர்கூட ஒரே ஆளை இப்படி விடாமல் கூப்பிட்டதில்லை!