எழுபது கிலோக்காரன் மேல் பொறாமை

இன்று உதியன்குளங்கரையில் பஸ் ஏறியபோது, கூடக் கம்ப்யூட்டர் படித்த மணியன் பக்கத்தில் இடம் கொடுத்தான்.

"மருந்தைச் சுமக்கிற குட்டித் துகள் உடம்புக்குள்ள எங்க போவுதுன்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்குறேன் மக்கா" என்றான். பாதி ஈரலில் நின்றுவிடுமாம். மீதியில் கொஞ்சம்தான் புற்றுநோய்க் கட்டிக்குப் போய்ச் சேருமாம்.

"யாருக்க உடம்புல?"

"எழுபது கிலோ ஆணாக்கும். எல்லாரும் கணக்குக்கு அவனத்தான் எடுப்பாவ."

என் மனைவி இறக்கும்போது முப்பத்தெட்டு கிலோ. அவளுக்கு ஏற்றிய மருந்து கட்டியைத் தொட்டதா என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"முப்பத்தெட்டு போட்டு ஓட்டுடே."

"அவ்வளவு எளுப்பம் இல்ல மக்கா. ரத்த ஓட்டம் எல்லாம் மாத்தி எழுதணும்."

"நான் வாறேன். எழுதித் தாறேன்."

"திங்கக்கிழமை லேபுக்கு வா" என்றான்.

பிறக்கவே பிறக்காத அந்த எழுபது கிலோக்காரன் மேல் நெய்யாற்றின்கரை வரை வயிறெரிந்தேன். உங்களில் யாருக்காவது இப்படி வந்ததுண்டா?