பெயர் காலியாக இருந்தால்

ஒழுங்கில்லாத புரோகிராமைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. மனசு கிடந்து பயப்படும், ஆனாலும் கை சும்மா இருக்காது. தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தபோது இந்தக் குணத்தால் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அங்கே எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சொந்தமாக ஒரு டேட்டாபேஸ் எழுதி வைத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித் தேருக்கு, கூட்டத்தில் காணாமல்போய்க் கிடைத்த பிள்ளைகளின் விவரத்தை அதில்தான் ஏற்றுவோம். தேடுவதற்கு மூன்று வகை இன்டெக்ஸ்: பிள்ளைக்குக் கொடுத்த டோக்கன் எண்ணுக்கு ஒன்று, அப்பா பெயருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. பிள்ளையின் பெயருக்கு வைத்துப் பிரயோஜனமில்லை. கேட்டால் பாதிப் பேர் பாப்பா என்றும் தம்பி என்றும்தான் சொல்வார்கள். அப்பா பெயரை மட்டும் கணீரென்று சொல்லிவிடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், மூன்று இன்டெக்ஸின் உள்விவகாரமும் மெயின் புரோகிராமுக்குள்ளேயே கிடந்தது. எண் என்றால் இப்படிப் போ, பெயர் என்றால் அப்படிப் போ என்று பக்கம் பக்கமாக. ஒண்டுக்குடித்தன வீட்டில் அடுத்தவர் அடுப்படி வழியாகப் புழக்கடைக்குப் போகிற மாதிரி. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெட்டது. நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன். சேர், தேடு, நீக்கு. எந்த இன்டெக்ஸாக இருந்தாலும் மெயின் புரோகிராம் இந்த மூன்றைத்தான் கேட்க வேண்டும். எப்படிச் செய்வது என்பது அந்தந்த இன்டெக்ஸின் பாடு.

எல்லாம் பொருந்தி வந்தது, ஒரு வரியைத் தவிர. அப்பா பெயர் காலியாக இருந்தால் ஊரை வைத்துத் தேடு என்று அது நட்டநடுவில் நின்றது. ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை.

“அண்ணே, இது எதுக்கு?”

“போன வருசம் தேரன்னைக்குக் கூட்டத்துக்கு நடுவுல எழுதுனது. எதுக்குன்னு ஞாபகம் இல்ல. அப்பா பேரு தெரியாமயா பிள்ளையத் தேடி வருவாக? எடுத்துரும்மா.”

எடுத்துவிட்டேன். எங்களுக்குத் தெரிந்த பெயரையெல்லாம் அடித்துச் சோதித்தோம், எல்லாம் கிடைத்தது. ஆனாலும், வேலை மெனக்கெட்டு அந்த நெரிசலில் ஒரு வரியைச் சும்மாவா எழுதியிருப்பார்? தேர் நாள் வரும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

தேரன்று, பிள்ளையைத் தேடி வருகிறவர்களுக்காகப் போட்ட எங்கள் பந்தலில் ஜெனரேட்டரும் கம்ப்யூட்டரும் மட்டும். கிடைத்த பிள்ளைகள் அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். அண்ணன் கீபோர்டில் உட்கார, நான் இரண்டுக்கும் இடையே அலைந்தேன். மத்தியானம் பந்தலுக்குள் வந்தபோது ஒரு பெண் முந்தானையைக் கையில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி நின்றிருந்தாள். ஊரைச் சொல்லியிருந்தாள்.

“பிள்ளைக்கு அப்பா பேரு என்னம்மா?” என்றார் அண்ணன்.

“அவிய...” என்றாள். அதோடு நின்றுவிட்டாள். தனக்குப் பதிலாகச் சொல்ல யாராவது உண்டா என்று அக்கம்பக்கம் பார்த்தாள். புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கிடையாது. என் அம்மாவும் ரேஷன் கடையில் யாராவது கேட்டால் என்னைத்தான் முன்னால் தள்ளுவாள்.

பின்னால் வரிசை நெருக்கியது. அப்பா பெயரைக் காலியாக விட்டு அண்ணன் என்டர் தட்டினார். இல்லை என்று வந்தது.

“இங்க வரலம்மா. செத்த நேரம் கழிச்சு வாங்க.”

அவள் கூட்டத்துக்குள் இறங்கிவிட்டாள். நான் எடுத்த வரி இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து, ஊர் இன்டெக்ஸை நேராகத் திறந்து தேடினேன். செட்டியார்பட்டி, பச்சைப் பாவாடை. காலையிலேயே வந்த பிள்ளை. பள்ளிக்கூடத்தில் அம்மாவைக் கண்டதும் அது அழவில்லை, “எங்க போன?” என்று அவளைப் போட்டு அடித்தது. ஒப்படைக்கிறவர் அப்பா பெயரைக் கேட்டார். “இவளையே கேளுங்க” என்றாள்.

எனக்கு நிம்மதி வரவில்லை. பந்தலுக்குத் திரும்பி, “அண்ணே, காலையில இருந்து இப்படி எம்புட்டுப் பேரு?” என்றேன்.

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். “வந்தாகம்மா. பேரு சொல்லல. அனுப்பிட்டேன்.”

மைக் செட்காரரிடம் ஓடி, இல்லையென்று திருப்பி அனுப்பிய அம்மாக்களைக் கூப்பிடச் சொன்னேன்.

“யாரு பேரைச் சொல்லிக் கூப்பிட?”

“பேரு தெரியாதுண்ணே. ஊர் ஊராக் கூப்பிடுங்க.”

அவர் ஒவ்வோர் ஊராகக் கூப்பிட்டார். மேளச் சத்தத்தில் அவர் குரல் பந்தலைத் தாண்டியதா என்றே தெரியவில்லை. நான் வாசலில் நின்று, தனியாக வருகிற ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.