வைக்கோல் தண்ணீரும் மூடிய கண்ணும்

போன கிழமை நான் படிப்பிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை பழ யாம் (ஜாம்) போத்தலின் மூடியைத் திறந்ததும் பாதிப்பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலுக்கு ஓடினார்கள். நான் குனிந்து முகர்ந்தேன். ஒரு கிழமை ஊறிய வைக்கோலின் நாற்றம் உங்களுக்குத் தெரியாதென்றால், மழையில் மறந்துவிட்ட சாக்கையும் அழுகத் தொடங்கிய கீரையையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது தர்சினியின் மணம். கேட்டால் அடிப்பாள்.

தர்சினி கிரான் என்ற வயலூரிலிருந்து வந்து, புளியந்தீவில் சித்தி வீட்டில் தங்கி என்னோடு படித்தவள். நான் கல்லடி. காலையில் சைக்கிளில் வாவிப் பாலம் கடக்கும்போது நீர்க்காகத்துக்கும் கண்டல் மரத்துக்கும் விஞ்ஞானப் பெயர் சொல்லிக்கொண்டே வருவேன். கூட வருபவர்கள் மெல்ல மெல்ல முன்னால் போய்விடுவார்கள். உயிரியலுக்கு வகுப்பில் நான்தான் கெட்டிக்காரி என்று யாரும் சொல்லவில்லை. நானே தீர்மானித்திருந்தேன்.

அந்தத் தவணை டீச்சர் பரமேசியம் வளர்த்துக்கொண்டு வரச் சொன்னார். உடம்பு முழுவதுமே ஒரேயொரு உயிர்க்கலம். சுற்றிவர மயிர் போன்ற பிசிர்கள், அவற்றால் துடுப்புப் போட்டு நீந்தும். வைக்கோல் அழுக பக்றீரியா பெருகும், அதைத் தின்று பரமேசியம் பெருகும். ஒரு உணவுச் சங்கிலியே யாம் போத்தலுக்குள். ஆனால் வயலே இல்லாத கல்லடியில் வைக்கோலுக்கு எங்கே போவது? தர்சினிதான் ஊருக்குப் போய் வரும்போது எனக்கும் ஒரு பிடி கொண்டுவந்தாள்.

"எங்கட வட்டையில வெட்டினது. வாய்க்கால் தண்ணியும் தரட்டா?"

வைக்கோல்தான் அவளுடைய வயலிலிருந்து வந்தது, தண்ணீருமா? ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்களுக்கு வாவி இரிக்கு" என்றேன்.

வாவித் தண்ணீர் உப்புக் கலந்தது. நன்னீருக்குப் பழகிய உயிரி அதில் விழுந்தால் உடம்பிலுள்ள நீர் வெளியேறிச் சுருங்கிப்போகும். பிரசாரணம். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்தவள் நான்.

பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே நுணுக்குக்காட்டி. அடியில் ஒரு வட்டக் கண்ணாடி. அதை யன்னல் பக்கம் திருப்பி வெளிச்சம் பிடிக்க வேண்டும். என் வாவித் தண்ணீர்த் துளியை முதலில் வைத்தார்கள். வைக்கோல் தூசு மட்டும். பிறகு தர்சினியின் துளி. முதலில் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசை நகர நகர, சப்பாத்து மாதிரி இருக்கிறது, முட்டித் திரும்பி ஓடுகிறது என்று ஆளுக்கொரு செய்தி வந்துகொண்டிருந்தது. நான் எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியில் போய்க் குனிந்தேன். குனிந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ஒண்டும் தெரியல்ல."

ஏன் அப்படிச் செய்தேன் என்கிறீர்களா? பார்த்துவிட்டால் அது தர்சினியின் பரமேசியம் ஆகிவிடும். என் வாழ்க்கையின் முதல் பரமேசியம் அவளுடையதாக இருக்கக் கூடாது.

தர்சினி வந்து கண்ணாடியை மெல்லத் திருப்பினாள். "இப்ப பாருகா."

"இல்ல."

"அவவுக்கு வாவியில உள்ளதுதான் தெரியும்" என்றாள் பின்னால் ஒருத்தி. சிரிப்பு. தர்சினி சிரிக்கவில்லை. திரும்பவும் கண்ணாடியைத் திருப்பினாள். திரும்பவும். கடைசியில் மணி அடித்துவிட்டது. அடுத்த நாள் நாற்றம் தாங்காமல் போத்தல்களைக் கழிவுக் கானில் ஊற்றினார்கள். பாடமும் பூவின் பாகங்களுக்குப் போய்விட்டது.

தர்சினி பிறகு கணக்கியல் பக்கம் போய், இப்போது ஒரு வங்கியில் இருக்கிறாள். என் வகுப்பில் நுணுக்குக்காட்டிக்குக் கமரா உண்டு. போன கிழமை அந்தச் சப்பாத்து சுவர் அகலத்துக்கு நீந்தியது. முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். அவர்கள் மீதும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். வரிசை இல்லை, யாருடைய வயல் வைக்கோல் என்ற கேள்வியும் இல்லை.

வீடியோவைத் தர்சினிக்கு அனுப்பினேன். பதில் பின்னேரம் வந்தது.

"இதா அது? எனக்கு மறந்தே போச்சிகா. நீ கண்ண மூடிக்கொண்டு நிண்டதுதான் ஞாபகம்."

பக்கத்தில் நின்றவளுக்கு என் இமை தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் மூன்று தரமும் வெளிச்சம் பிடித்துத் தந்திருக்கிறாள். இத்தனை நாளும் அவளுடைய போத்தலுக்குப் பட்ட பொறாமை அந்த இடத்திலேயே உருமாறிவிட்டது. அலுக்காமல் அடுத்தவளுக்கு வெளிச்சம் பிடிக்கும் அப்படியொரு கை எனக்கு வாய்க்கவில்லையே.

ஒன்றை மட்டும் அவளுக்கு எழுதவில்லை. அன்று மணி அடித்து எல்லோரும் போன பிறகு நான் திரும்பி வந்தேன். கண்ணாடி அவள் விட்ட இடத்திலேயே யன்னலைப் பார்த்தபடி இருந்தது. குனிந்து கண்ணைத் திறந்தேன். நல்ல வெளிச்சம். துளி காய்ந்துபோயிருந்தது.